அந்தப் போருக்கு மட்டும் பாட்டு இல்லை

குடியரசு தினத்தன்று எங்கள் ஊர்ப் பள்ளியில் முன்னாள் ராணுவத்தினருக்குப் பாராட்டு விழா நடந்தது. வேலூரைச் சுற்றியுள்ள ஊர்களில் இது புதிதல்ல. கணியம்பாடிக்குப் பக்கத்தில் இருக்கும் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போயிருப்பார். எங்கள் ஊரில் அவ்வளவு பேர் இல்லை, ஆனாலும் ஒரு மேடையை நிரப்பும் அளவுக்கு இருக்கிறார்கள். ஆசிரியர் ஒவ்வொருவர் பெயராக வாசிப்பார், அவர் எழுந்து முன்னால் வரும்போது அவர் போன போருக்குப் பொருத்தமாக ஒரு பாட்டு ஒலிக்கும், பொன்னாடை போர்த்துவார்கள். இதுதான் ஏற்பாடு. 1971-க்குப் போனவர் கைத்தடியோடு வந்தபோது பழைய சினிமாப் பாட்டு ஒன்று போட்டார்கள். கார்கில்காரர் வந்தபோது போட்ட பாட்டுக்குப் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அப்புறம் மாமாவின் பெயர் வந்தது. "இலங்கையில் பணியாற்றியவர்" என்று ஆசிரியர் வாசித்தார். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாணவன் போனில் எதையோ தேடினான். கிடைக்கவில்லை. மாமா நடந்து வந்து, பொன்னாடையை வாங்கி, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்துவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பும்வரை பாட்டு எதுவும் வரவில்லை. அடுத்த பெயரை வாசித்தார்கள்.

அந்த மாணவன் மேல் தப்பில்லை. இல்லாத பாட்டை அவன் எங்கிருந்து எடுப்பான்? தமிழ்நாட்டில் ஒரு பள்ளி மைதானத்தில் எல்லோரும் சேர்ந்து கேட்கும்படி, இந்திய அமைதி காக்கும் படையில் போய்த் திரும்பியவர்களுக்கென்று நம்மிடம் ஒரு பாட்டு இல்லை. அதை அன்றுதான் கவனித்தேன், அதற்குப் பிறகு மனதை விட்டுப் போகவே இல்லை. மாமா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பொன்னாடையை மடித்து அத்தையிடம் கொடுத்துவிட்டு, வழக்கம்போல மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

ஏன் இல்லை என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1987 ஜூலை 29 அன்று இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானபோதும், படை யாழ்ப்பாணத்தில் போய் இறங்கியபோதும் இருந்த மனநிலை வேறு. அங்கே சனங்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். செப்டம்பர் 26 அன்று விடுதலைப் புலிகளின் திலீபன் உண்ணாவிரதத்திலேயே இறந்தார். அக்டோபர் 10-க்குப் பிறகு, காக்கப் போன படை புலிகளோடு சண்டை போடும் படையாகிவிட்டது. அந்தச் சண்டையின் தொடக்க நாட்களில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி வீரர்கள் 30 பேரில் ஒருவர் மட்டுமே உயிர் பிழைத்தார், அவரும் கைதியாக. அதே மாதம் 21-ஆம் தேதி, தீபாவளி நாளில், யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நம் படையினர் நுழைந்து சுட்டதில் மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளுமாக 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் அந்தப் போரைப் பற்றிப் பேசக் கூடாது என்று நினைக்கிறேன். ஒன்றை மட்டும் சொல்கிறவர்களைத்தான் இத்தனை வருஷமாக நிறையப் பார்த்தாயிற்று.

படை முழுதாகத் திரும்பியது 1990 மார்ச்சில். சுமார் 1,200 பேர் திரும்பி வரவில்லை. கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது, தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்று அன்றைய முதலமைச்சர் போகவில்லை. அந்த முடிவு சரியா தவறா என்று இன்றும் இரண்டு பக்கமும் பேசுகிறார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பில் அவ்வளவு அக்கறை இல்லை. கப்பலில் இருந்து இறங்கிய கூட்டத்தில் தமிழ் பேசுகிற பையன்களும் இருந்தார்கள், மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்கள் இருந்தார்கள், அவர்கள் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறித் தங்கள் ஊருக்கு வந்தார்கள். அவர்கள் வந்து சேர்ந்த ஊரில் டீக்கடைச் சுவரில் யார் படம் ஒட்டியிருந்தது, அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் என்ன கேட்டார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாமாவிடம் ஒருவர் நேராகவே கேட்டாராம்: "அங்க போயி யாரச் சுட்ட?" அடுத்த வருஷம் மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ஊரின் பேச்சு ஒரே ராத்திரியில் மாறியது. அதற்குப் பிறகு மாமாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. முதல் வருஷம் கேட்ட கேள்வியைவிட, அதற்குப் பிறகு வந்த அந்த மௌனம்தான் ரொம்ப நாள் இருந்தது, முப்பது வருஷத்துக்கு மேல்.

பாட்டு எப்போது வருகிறது

ஜெயித்தால்தான் பாட்டு வரும் என்று சொல்ல முடியாது. 1962-இல் சீனாவிடம் நாம் தோற்றோம். சில மாதங்களில், 1963 ஜனவரி 27 அன்று டெல்லி நேஷனல் ஸ்டேடியத்தில் லதா மங்கேஷ்கர் 'ஏ மேரே வதன் கே லோகோ' பாடினார், கேட்டுக்கொண்டிருந்த நேரு கண்கலங்கினார். பனியில் கைவிடப்பட்ட மாதிரி செத்துப்போன பையன்களுக்கான பாட்டு அது. தோற்ற கதை என்பதால் யாரும் அதை ஒதுக்கவில்லை. அறுபது வருஷம் தாண்டியும் பாடுகிறார்கள்.

நேதாஜியின் படைக்கு மலாயா ரப்பர் தோட்டங்களில் இருந்து போனார்களே நம் ஆட்கள், அவர்கள் கதையும் அப்படித்தான். பால்வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் கூட 1943-இல் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள், கேப்டன் லட்சுமியின் தலைமையில். அந்தப் படையும் தோற்றது. சுதந்திரத்துக்குப் பிறகு அந்த வீரர்களை இந்திய ராணுவத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆனால் அவர்கள் நடந்துகொண்டே பாடிய 'கதம் கதம் படாயே ஜா' பிழைத்துக்கொண்டது. எந்த ராணுவம் அவர்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்ததோ, அதே ராணுவத்தின் பேண்டு இன்று அந்த மெட்டை அணிவகுப்பில் வாசிக்கிறது.

அதனால் வெற்றி தோல்வி காரணமில்லை. பாட்டு என்று ஒன்று வர வேண்டுமானால் பாடுகிறவரும் கேட்கிறவரும் 'நம்ம ஆளு' என்று ஒரே ஆளைச் சுட்டிக்காட்ட வேண்டும். 1963 டெல்லியில் அதில் சந்தேகம் இல்லை. 1990-இல் எங்கள் ஊரில் அது முடியவில்லை. சுட்டவனும் நம்ம ஆள், சுடப்பட்டவனும் நம்ம ஆள். இதில் எந்தப் பக்கம் நின்று பாடுவது? பாடுகிறவர்கள் வாயை மூடிக்கொண்டது இயல்புதான். ஆனால் அதற்கான விலையை, முடிவெடுத்த யாரும் கொடுக்கவில்லை. இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதில், எங்கே போகிறோம் என்று கூடச் சரியாகச் சொல்லப்படாமல் கப்பல் ஏறிய பையன்கள் கொடுத்தார்கள்.

ஹவில்தார் கும்பிட்டார்

விழாவுக்குச் சில வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமாவின் எதிரில் போனை வைத்துவிட்டு, "எதையாவது சொல்லுங்க மாமா, பதிவு பண்ணி வெச்சுக்கறேன்" என்றேன். சண்டையைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. அவர் முதலில் ஜபல்பூரில் சிக்னல்ஸ் பயிற்சி எடுத்ததைச் சொன்னார். அந்தக் குளிர், அங்கே தின்ன ரொட்டி, ஊரிலிருந்து கடிதம் வரும் கிழமை. வயர்லெஸ் செட்டை முதுகில் கட்டிக்கொண்டு ஓடினால் தோள்பட்டை எப்படித் தேயும் என்று சட்டையை விலக்கிக் காட்டினார். இதெல்லாம் சிரித்துக்கொண்டே. யாழ்ப்பாணம் வந்ததும் பேச்சின் வேகம் குறைந்தது. அதுவரை "நான்", "எனக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், "எங்க கூட ஒரு தமிழ்ப் பையன் இருந்தான், சிக்னல்ஸ்ல" என்று ஆரம்பித்தார். அது நடந்த ஊரின் பெயரைச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்துக்கு வடக்கே ஒரு கிராமம் என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பையன் இருந்த செக்‌ஷனில் அவனைத் தவிர யாருக்கும் தமிழ் தெரியாது. எல்லோரும் வடக்கே உள்ளவர்கள். அதனால் செட்டையும் தூக்க வேண்டும், செக்போஸ்டில் நின்று போகிற வருகிறவர்களிடம் பேசவும் வேண்டும். சனங்களுக்கு முதலில் ஆச்சரியம், அப்புறம் கோபம். 'தமிழா இருந்துகொண்டு' என்று பார்வையிலேயே கேட்பார்கள். சிலர் வாயைத் திறந்தே கேட்டார்கள். ஒருநாள் காலை ரோந்து போகும்போது ஒரு கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் அழுகைச் சத்தம். முதல்நாள் ராத்திரி அந்த வீட்டில் ஒரு பையன் செத்திருந்தான். "யாரு சுட்டதுன்னு தெரியல. நாங்களா இருக்கலாம், அவங்களா இருக்கலாம். இருட்டுல ரெண்டு பக்கமும்தான் வெடி கேட்டுச்சு." ஊரடங்கு என்பதால் துக்கத்துக்கு ஆள் வரவில்லை. ஒரு கிழவி தனியாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். பேரனாக இருக்க வேண்டும், ராசா ராசா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாடினாள். மெட்டு நம் ஊர் மெட்டில்லை. ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் அந்தப் பையனுக்குப் புரிந்தது. அவன் பாட்டி செத்தபோது ஊர்ப் பொம்பளைகள் என்னென்ன சொல்லி அழுதார்களோ அதில் பாதி அதில் இருந்தது. நட்டுவைத்த மரம், கட்டாத கல்யாணம், வந்து எழுப்ப மாட்டாயா என்பது. நடுவில், வந்தவர்களைப் பற்றியும் இரண்டு வரி.

"ஹவில்தார் நின்னாரு. அந்தப் பையனப் பாத்து, கிழவி என்னா பாடறான்னு கேட்டாரு. நல்ல மனுஷன் அவரு, பிள்ளக் குட்டிக்காரர். அவன் சொன்னான்..." இங்கே மாமா நிறுத்திவிட்டார். போனில் அந்த இடம் வெறும் மாட்டுக் கழுத்து மணிச் சத்தமாகத்தான் பதிவாகியிருக்கிறது. பிறகு சொன்னார்: "பஜன்னு சொன்னேன்பா. சாமி பாட்டுன்னு சொல்லிட்டேன். அவரு ரைஃபிள தோள்ல மாட்டிட்டு, அந்த வேலியப் பாத்து ரெண்டு கையும் எடுத்துக் கும்பிட்டாரு. கும்பிட்டுட்டு நடந்தாரு. நாங்க பின்னாடியே போனோம்."

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். உள்ளதைச் சொல்லியிருந்தால் வீட்டுக்குள் போய்ப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள், சோதனை போட்டிருப்பார்கள், அந்த நேரத்தில் கிழவியைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று ஒரு நினைப்பு. அந்த இரண்டு வரியை இந்தியில் சொல்ல வாய் வரவில்லை என்பது இன்னொன்று. எது முதலில் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. அந்த ஹவில்தார் சில மாதம் கழித்துக் கண்ணிவெடியில் இறந்துபோனார். கடைசிவரை அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. ஒப்பாரியில் சில வரிகளை மாமா எனக்குப் பாடிக் காட்டினார், மெட்டோடு. இதை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் எழுதவில்லை. பள்ளி மைதானத்தில் அவருக்கென்று போட ஒரு பாட்டு இல்லை என்று நான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். அவரிடம் ஒரு பாட்டு இருந்தது, இத்தனை வருஷமும். அது அவரைப் புகழ்கிற பாட்டில்லை.

மண்ணுக்கு வெளியே பதிவானவை

'ஒரு பையன் இருந்தான்' என்று அவர் ஆரம்பித்தது எனக்கு இன்னொரு குரலை ஞாபகப்படுத்தியது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையில் சண்டையிட்டு ஜெர்மனியிடம் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களை பெர்லினுக்குத் தெற்கே வுன்ஸ்டார்ஃப் என்ற இடத்தில் ஒரு முகாமில் வைத்திருந்தார்கள். அரைப்பிறை முகாம் என்று பெயர். அங்கே மொழி ஆராய்ச்சிக்காக 1915 முதல் 1918 வரை கைதிகளின் பேச்சையும் கதையையும் பாட்டையும் ஜெர்மன் அறிஞர்கள் ஒலித்தட்டுகளில் பதிவு செய்தார்கள். பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலி ஆவணக்காப்பகத்தில் அவை இன்றும் இருக்கின்றன. அதில் மால் சிங் என்ற பஞ்சாபிச் சிப்பாய் 1916 டிசம்பர் 11 அன்று பேசியது ஒன்று. ஒரு மனிதன் இருந்தான், இந்துஸ்தானத்தில் வெண்ணெய் தின்றான், பால் குடித்தான், இந்த ஐரோப்பியப் போருக்கு வந்தான், ஜெர்மனி அவனைப் பிடித்துக்கொண்டது, அவன் இந்துஸ்தானம் திரும்ப ஆசைப்படுகிறான் என்று போகும் அந்தப் பேச்சு. முழுக்க 'அவன்' தான். 'நான்' வருவதே இல்லை. தன் கதையைத் தானே தாங்க முடியாதபோது அதை வேறொருவன் மேல் வைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது போல. மாமா பாதி வழியில் 'நான்' என்று திரும்பி வந்தார். மால் சிங்குக்கு ஒலித்தட்டில் இருந்த நேரம் ஒன்றிரண்டு நிமிடம். திரும்பி வர நேரம் இல்லை.

எதிரி நாட்டுக்காரன் தன் ஆராய்ச்சிக்காகப் பதிவு செய்ததால் அந்தக் குரல் நமக்குக் கிடைத்திருக்கிறது. வேலூர் லாங் பஜாரில் மணிக்கூண்டு இருக்கிறதே, அதில் ஒரு கல்வெட்டு உண்டு. இந்த ஊரிலிருந்து 277 பேர் பெரும்போருக்கு, அதாவது அதே முதல் உலகப் போருக்கு, போனார்கள், அதில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. சின்ன வயதில் இருந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் 14 பேரைத்தான் நினைப்பேன். இப்போது கணக்கு வேறு மாதிரி ஓடுகிறது. மீதி 263 பேர்? அவர்கள் இதே தெருக்களில் நடந்திருப்பார்கள், கல்யாணம் செய்திருப்பார்கள், ராத்திரி திடுக்கிட்டு எழுந்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு என்ன சொன்னார்கள்? அந்நிய தேசத்தில் கற்றுக்கொண்ட ஏதாவது ஒரு மெட்டை முணுமுணுத்தார்களா? கல்வெட்டில் அதற்கு இடமில்லை.

புண்ணுக்குப் பாடியவர்கள்

நமக்கு இதில் ஒரு பழைய வழி இருக்கிறது. நடுகல் என்றால் எல்லோருக்கும் தெரியும். செங்கம் பக்கம் வயல்வெளியில் நிற்கிற கற்களை நம் பக்கத்து ஆட்கள் பார்த்திருப்பார்கள். ஆநிரை மீட்டுச் செத்தவனுக்குக் கல் வைத்திருக்கிறார்கள். எடுத்தனூரில், திருடர்களைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாய்க்குக் கூட, அதன் பெயரைச் சொல்லிக் கல் இருக்கிறது. அவ்வளவு நன்றி மறக்காத மண் இது. ஆனால் கல், செத்தவர்களுக்குத்தான். உயிரோடு திரும்பி வந்தவனுக்கு என்ன செய்தார்கள் என்று தேடினால் புறநானூற்றில் 281-ஆம் பாட்டு கிடைக்கிறது, அரிசில் கிழார் பாடியது.

புண்பட்டு வீட்டில் கிடக்கிறான் ஒரு வீரன். அவன் மனைவி தோழியைக் கூப்பிடுகிறாள். வீட்டில் இரவமும் வேம்பும் செருகுவோம், யாழோடு மற்ற வாத்தியங்களும் ஒலிக்கட்டும், மெதுவாகக் கையெடுத்து மை இடுவோம், வெண்கடுகு தூவுவோம், ஆம்பல் குழல் ஊதுவோம், மணி அடிப்போம், காஞ்சிப் பண் பாடுவோம், வாசனைப் புகை போடுவோம். 'காக்கம் வம்மோ காதலந் தோழீ' என்கிறாள், வா, காப்போம். எதைக் காக்க? அரசனுக்கு வந்த துன்பத்தைத் தான் தாங்கிக்கொண்டவனின் புண்ணை. புண்பட்டுக் கிடப்பவனைப் பேய் அண்டும் என்று நம்பிய காலம். பேய் வராமல் இருக்க இரவெல்லாம் இசை.

இந்தப் பாட்டைப் பள்ளியில் அருஞ்சொற்பொருளோடு படித்திருக்கிறேன். மாமாவின் பதிவைக் கேட்ட பிறகு திரும்பப் படித்தபோது, அதில் இல்லாததுதான் கண்ணில் பட்டது. அவன் எத்தனை யானையை வீழ்த்தினான் என்று இல்லை. அந்தப் போரில் ஜெயித்தது யார் என்று இல்லை. போர் நியாயமானதா என்றும் அவள் கேட்கவில்லை. துன்பம் அரசனுடையது, புண் இவனுடையது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அந்தப் புண்ணுக்குத்தான் யாழும் குழலும். 1987-இல் முடிவெடுத்தவர்கள் டெல்லியிலும் கொழும்பிலும் இருந்தார்கள். அந்த முடிவை யாரும் மெச்ச வேண்டாம். ஆனால் அந்தப் புண் எங்கள் தெருவுக்கு வந்தபோது வேப்பிலை ஒடிக்கவும் ஆள் இல்லை, மணி அடிக்கவும் ஆள் இல்லை. வீரத்தைப் பாட முடியாவிட்டால் சும்மா இருந்துவிடலாம் என்று நாம் முடிவு செய்துகொண்டோம். இதுதான் எனக்கு ஆறவில்லை.

பொன்னாடை போர்த்துவதில் எனக்கு எந்த எதிர்ப்பும் இல்லை. மேடையில் உட்காருவதை விரும்புகிற பெரியவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது வேண்டும். கூடவே கொஞ்சம் நேரமும் கொடுக்கலாம் என்கிறேன். அமெரிக்காவில் 2000-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டமே போட்டு, முன்னாள் வீரர்களின் பேச்சைப் பதிவு செய்து லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் சேர்க்கிறார்கள். பேட்டி எடுப்பவர்கள் பெரிய நிபுணர்கள் அல்ல, சொந்தக்காரர்கள், பள்ளி மாணவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள். நிபந்தனை, குறைந்தது 30 நிமிடம் பேச வேண்டும், வெட்டி ஒட்டக் கூடாது. வெட்டக் கூடாது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விதி. மாமாவின் பதிவை யாராவது 'சுவாரசியமாக' வெட்டினால் ஜபல்பூர் குளிர் போய்விடும், மாட்டு மணி போய்விடும், 'அவன்' என்பதிலிருந்து 'நான்' என்று மாறிய இடத்தில் இருந்த இடைவெளியும் போய்விடும்.

எங்கள் ஊர் நூலகத்தில் இதற்கென்று ஒரு ஹார்டு டிஸ்க் வைக்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் இருக்கிற பட்டாளத்தார்களை மாணவர்களே போய்ப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கும் கேள்விகளில் முதலாவது, அங்கே என்ன சாப்பிட்டீர்கள். அப்புறம், லங்கரில் (பட்டாளத்துச் சமையற்கூடத்தில்), ரயிலில், ராத்திரி டியூட்டியில் யார் பாடினார்கள், என்ன பாட்டு, அதைப் பாடிக் காட்ட முடியுமா. மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர் என்றால் 'வீர மதராசி, அடி கொல்லு' என்ற முழக்கத்தோடு நிறுத்திவிடாமல், சண்டை முடிந்த ராத்திரி எப்படி இருந்தது என்றும் கேட்க வேண்டும். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று மட்டும் கேட்கவே கூடாது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். எழுத வேண்டாம் என்று அவர்கள் சொல்வதை எழுதக் கூடாது, டிஸ்க்கிலும் பூட்டி வைக்க வேண்டும். சில கவிதைகளும் வரும் என்று எதிர்பார்க்கிறேன். லீவுக் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு யாருக்கும் காட்டாத ஆட்கள் இருக்கிறார்கள் என்று மாமா சொல்கிறார்.

வேலிக்கு உள்ளே

இதை எழுதுவதற்கு முன் ஒருவரிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கல்லூரியில் எனக்குச் சீனியராக இருந்த ஒரு அக்கா, யாழ்ப்பாணம் அவர் சொந்த ஊர், இப்போது டொரண்டோவில் இருக்கிறார். 1987-இல் அவர் சின்னப் பிள்ளை. எல்லாவற்றையும் போனில் சொன்னேன், அந்த ஒப்பாரி வரை. நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "உங்கட மாமா நல்ல மனுசனாத்தான் இருப்பார். நான் இல்லை எண்டு சொல்லேல்ல. ஆனா அவர் வேலிக்கு வெளியில நிண்டவர். நாங்கள் உள்ளுக்க இருந்த ஆக்கள். அந்தக் கிழவியின்ர பாட்டு அவரிட்ட இருக்கிறது எனக்கு ஒரு மாதிரி இருக்கு." பதிவை அனுப்பட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். இன்னும் மனம் வரவில்லையாம். வருமா என்றும் தெரியாது என்றார்.

அவர் சொன்னதில் எனக்கு மறுக்க ஒன்றுமில்லை. திரும்பி வந்தவரின் கதையைக் கேட்கிறோம் என்பதற்காக, திரும்பிப் போக இடமில்லாமல் அதே வேலிக்குள் இருந்தவர்களின் கதை சின்னதாகிவிடக் கூடாது. மாமாவின் குரலை நான் காப்பாற்றி வைக்கிறேன், அவர்கள் தங்கள் பாட்டியின் குரலைக் காப்பாற்றி வைக்கட்டும். இரண்டும் ஒரே அறையில் ஒலிக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை.

அக்கா சொன்னதை மாமாவிடம் சொல்வதா வேண்டாமா என்று கொஞ்ச நாள் யோசித்தேன். பதிவு அவருடையது, அதைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அவருக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியதால் சொல்லிவிட்டேன். கோபப்படவில்லை. "சரிதானேப்பா, அவங்க கேக்கணும்னு கட்டாயமா?" என்றார். கொஞ்சம் கழித்து, அந்த ஹவில்தாரின் ஊர்ப்பெயர் ஞாபகம் இருக்கிறது, ராஜஸ்தானில் ஒரு கிராமம், அவர் பிள்ளைகள் இப்போது ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருப்பார்கள், அவர்களுக்கு ஒரு கடிதம் போட முடியுமா, நீ இந்தியில் எழுதித் தருவாயா என்று கேட்டார். அப்பா வேலியைப் பார்த்துக் கும்பிட்டதை அவர்களுக்குச் சொல்ல வேண்டுமாம். எதற்காகக் கும்பிட்டார் என்பதையும். எனக்கு அவ்வளவு இந்தி வராது. வேலூரில் தெரிந்தவர் ஒருவர் எழுதித் தருகிறேன் என்றிருக்கிறார். மாமா தமிழில் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டிருக்கிறேன், இரண்டாம் பக்கத்தில் இருக்கிறோம்.